கரம் பலகையின் முகத்தைத் திருத்துமுன் முதுகைப் பார்ப்போம்

எமது கிராமங்களில் வாசிகசாலை, சனசமூக நிலையம், இளைஞர் கழகம் என எங்கு சென்றாலும் சுவரோரம் ஒரு கரம் பலகை சாய்ந்து நிற்பதைக் காண்கிறோம். பல இடங்களில் அது நிற்கிறதே தவிர, அதில் ஒருவரும் விளையாடுவதில்லை. காரணம் கேட்டால், “அது பழுது, காய் ஓடாது” என்பார்கள். அருகில் சென்று உற்றுப் பார்த்தால் மரம் உக்கவில்லை, சட்டம் உடையவில்லை, நான்கு மூலைக் குழிகளும் ஒழுங்காகவே இருக்கின்றன. கெட்டிருப்பது மேற்பரப்பு மட்டுமே. கடுதாசியின் தடிப்பளவான ஒரு பூச்சும், அதன் கீழுள்ள மெல்லிய மர ஏடும் கெட்டதற்காக முழுப் பலகையும் ஒதுக்கப்படுகிறது. அடுத்த மாரியில் அது ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாகும். அதற்கடுத்த மாரியில் விறகாகும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இது சிறிய இழப்பல்ல. வீட்டுக்கு வீடு சொந்தப் பொருள்களே குறைந்துபோன ஓர் இடத்தில், ஊருக்குப் பொதுவாக ஒரு பொருள் இருப்பது பெரிய காரியம். கூலி வேலையால் திரும்பும் நால்வர் அதைச் சுற்றி அமர்வர். பத்துப்பேர் நின்று பார்ப்பர். தகப்பனும் மகனும் ஒரே கட்சியாக எதிரெதிரே இருந்து விளையாடுவர். புதுப்பலகைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் கழகங்கள் பலவற்றை நாம் அறிவோம். அவற்றிற் பெரும்பாலானவற்றின் பழைய பலகையை, அவர்களின் கைக்கெட்டும் சாமான்களைக் கொண்டே திருத்தலாம். சில குடியிருப்புகளில் முதிய ஓடாவியார் ஒருவரின் துணையுடன் இந்த வேலையைச் செய்து பார்த்தோம். அதில் நாம் கற்றதையும், கற்குமுன் கெடுத்ததையும் இங்கு எழுதுகிறோம்.

பழுது எங்கிருந்து வருகிறது?

விளையாடித் தேய்ந்துதான் பலகை கெடுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். பார்த்த பலகைகளில் அப்படித் தேய்ந்தவை சிலவே. மற்றவற்றைக் கெடுத்தது ஈரம். அந்த ஈரமும் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது.

இதை விளங்கிக்கொள்ள, பலகை எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிய வேண்டும். ஆடுகளமாக இருப்பது ஒட்டுப்பலகை. மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி, பசையிட்டு அழுத்தி அதைச் செய்கிறார்கள். முதலாவது ஏட்டின் ரேகை கிழக்கு மேற்காக ஓடினால், இரண்டாவதன் ரேகை வடக்குத் தெற்காக ஓடும். போட்டிக்குரிய பலகையில் இந்த ஒட்டுப்பலகை 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது விதி. எமது ஊர்களில் உள்ளவை பெரும்பாலும் அதைவிட மெல்லியவை. மேல் ஏடோ ஒரு மில்லிமீற்றர் கூட இராது. அதன்மீது கோடுகள் வரையப்பட்டு, அவற்றின்மேல் லேக்கர் அல்லது வார்னிஷ் பூசப்படுகிறது.

இப்போது பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் பச்சை மரமாகவே இருக்கும். மலிவான பலகைகளில் அங்கு ஒரு சொட்டுப் பூச்சுமில்லை. மேலே கதவு பூட்டியிருக்கிறது. கீழே வாசல் திறந்து கிடக்கிறது. சாணமிட்ட நிலத்தில் சாத்தி வைக்கும்போதும், மழைநாளில் கிடுகுச் சுவரில் சாய்த்து வைக்கும்போதும் ஈரம் அந்த வாசலால் உள்ளே போகிறது. ஈரம் பட்ட மரம் பருக்கும். காய்ந்த மரம் சுருங்கும். அடிப்பக்கம் பருத்து மேற்பக்கம் பருக்காமல் இருந்தால், பலகை கிண்ணம்போல் நடுவில் பதியும். மரம் கீழே அசைய, மேலே இறுகிக் காய்ந்த பூச்சு அதனுடன் அசைய முடியாமல் வெடிக்கும். வெடிப்பில் வியர்வையும் பவுடரும் புகுந்து கறுப்பாகும். அப்போதுதான் “முகம் கெட்டுவிட்டது” என்கிறோம். நோயின் குணம் முகத்தில் தெரிந்தாலும், அது நுழைந்த வழி முதுகில் இருக்கிறது.

இது கரம் பலகைக்கு மட்டும் உரிய துன்பமல்ல. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் முன்னர் பெருமளவில் செய்யப்பட்ட பின்போல் என்னும் விளையாட்டு இயந்திரத்தின் ஆடுகளமும் இப்படியான ஒட்டுப்பலகையே. அதன் மேல் படங்களை அச்சிட்டு லேக்கர் பூசினார்கள். சாய்ந்த அந்தப் பலகையில் உருக்குக் குண்டு உருண்டு ஓடும். பழைய இயந்திரங்களைத் திருத்துவோர் அங்கும் காண்பது மர ரேகை வழியே வெடித்த பூச்சையும், அதனோடு பெயர்ந்த வர்ணத்தையுமே. அவர்களுள் கைதேர்ந்தவர்கள், பெயர்ந்துபோன இடத்துக்கு மட்டும் வர்ணம் வைத்து, எஞ்சிய பழைய வர்ணத்தைத் தொடாமல் விடுகிறார்கள். இந்த ஒழுக்கம் எமக்கும் வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்வோம்.

ஆகவே முதல் வேலை பலகையைக் கவிழ்ப்பது. அடிப்பக்கத்திலுள்ள குறுக்குச் சட்டங்களின் ஆணிகள் இளகியுள்ளனவா என்று பாருங்கள், இளகியிருந்தால் இறுக்குங்கள். கறையான் மண் இருந்தால் சுரண்டி எடுங்கள். பின் நிழலும் காற்றும் உள்ள இடத்தில், நிலத்தில் முட்டாமல் இரண்டு தடிகளின் மேல் வைத்து ஒரு கிழமையாவது காயவிடுங்கள். வெயிலில் போட வேண்டாம். ஒரே நாளில் காய வைக்க எண்ணி முற்றத்து வெயிலில் போட்டால், ஒரு பக்கம் திடீரெனச் சுருங்கிப் புதிய வளைவு ஒன்று வந்துவிடும். சிறிய வளைவுகள் பல, நிழலில் காய்ந்ததும் தாமாகவே அரைவாசிக்கு மேல் நேராகின. நாம் ஒன்றும் செய்யவில்லை.

போளைச் சோதனை

காய் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால், பலகை பள்ளமா, மேசை சரிவா என்று முதலில் அறிய வேண்டும். நீர்மட்டம் இல்லாவிட்டாலும் ஒரு போளை போதும். பலகையை மேசையில் வைத்து, போளையை நான்கு பக்கத்திலிருந்தும் மெதுவாக உருட்டி, எங்கே இழுபடுகிறது என்று கவனியுங்கள். பின் பலகையைக் கால்வட்டம் திருப்பி வைத்து மீண்டும் உருட்டுங்கள். இழுவை பலகையுடன் சேர்ந்து திரும்பினால் குறை பலகையில். முன்னைப் போலவே அதே சுவர்ப் பக்கமாக இழுத்தால் குறை மேசையில். கால் ஒன்றின் கீழ் மரச்சீவல் வைத்தால் தீர்ந்தது. “பழுது” என்று ஒதுக்கப்பட்ட பலகை ஒன்றை இந்தச் சோதனையால் மட்டும் ஐந்து நிமிடத்தில் குணமாக்கினோம். அந்தக் கழகத்தினர் சற்று வெட்கப்பட்டார்கள். நாமும் அதற்கு முன் ஒரு கிழமை அதே மேசையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

குறை பலகையில்தான் என்றால், நடுப்பள்ளத்தைக் கீழிருந்து தூக்கலாம். குறுக்குச் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே தடித்த கடுதாசி மட்டையை ஒவ்வொரு மடிப்பாகச் செருகி, ஒவ்வொரு முறையும் போளையை உருட்டிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஆப்பு அடித்தால் பள்ளம் மேடாகிவிடும்.

துடைத்தல்

காய்ந்த பலகையின் முகத்தை இனித் துடைக்கலாம். ஈரச் சீலையைத் தொடக்கூடாது. முதலில் மெல்லிய தும்புத்தடியாலோ பழைய பல்துலக்கியாலோ சட்டத்தின் ஓரத்தில் இறுகிக் கிடக்கும் பவுடரைக் கிளறி எடுங்கள். பின் பழைய பருத்திச் சீலையால் மர ரேகை ஓடும் திசையில் துடையுங்கள். கைவியர்வையால் கறுத்த இடங்கள், அடிகாய் வைக்கும் கோடுகளின் அருகே, பொதுவாக இதற்குப் போகாது. அங்கு தேர்பன்ரைன் சிறிது தோய்த்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். மண்ணெண்ணெய் வேண்டாம். அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். பிறகு பூசும் பூச்சு அங்கே ஒட்டாது.

அடுத்து, முன்னர் பூசப்பட்டது எது என்று அறிய வேண்டும். மூலையில், கண்ணிற் படாத இடத்தில், பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தோய்த்துத் தொட்டுப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் வகை. பழைய பூச்சு எதுவோ அதே இனத்தைப் பூசுவதே பாதுகாப்பு. வார்னிஷின் மேல் லேக்கரைப் பூசினால், அதிலுள்ள தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கி, தேரையின் தோல்போல் ஆக்கிவிடும்.

கீறல், பள்ளம், கொப்புளம்

ஒரு கீறலைக் கண்டதும் அதன் குறுக்காக நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் கீறல் பூச்சில் மட்டுமே உள்ளது. அதற்கு மெல்லிய தூரிகையால் பூச்சைச் சொட்டாக வைத்து, காய்ந்தபின் மீண்டும் வைத்து, கீறல் நிரம்பியதும் 400 இலக்க அரத்தாளால் மட்டமாக்கினால் போதும். அரத்தாளின் முதுகில் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். இலக்கம் கூடக்கூடத் தாள் மென்மையானது. கரம் பலகைக்கு 240க்குக் கீழ்ப்பட்ட எதையும் வாங்க வேண்டாம். தாளை விரலால் பிடித்துத் தேய்க்கவும் வேண்டாம். விரல் பள்ளத்தில் பள்ளத்தையே தோண்டும். தட்டையான சிறு மரக்கட்டையில் சுற்றி, ரேகை வழியே தேய்க்க வேண்டும்.

நகம் தடக்கினால் கீறல் மரத்தில் விழுந்துள்ளது. ஏதாவது விழுந்து நசிந்த பள்ளமாயின் மரம் அங்கே குறையவில்லை, அமுங்கியிருக்கிறது. அமுங்கிய மரத்தை நீராவியால் எழுப்பலாம். அவ்விடத்துப் பூச்சை மட்டும் நீக்கி, ஈரத்தைப் பிழிந்தெடுத்த சீலைத்துண்டை நாலாக மடித்து வைத்து, சிரட்டைக் கரியிட்ட இஸ்திரிக்கைப் பெட்டியின் முனையால் நாலைந்து விநாடி தொட்டு எடுங்கள். சீறும் சத்தம் கேட்கும். எடுத்துப் பார்த்து, தேவையாயின் இன்னொரு முறை. நீண்ட நேரம் வைத்தால் ஏடுகளின் பசை இளகி, பள்ளம் இருந்த இடத்தில் கொப்புளம் வரும். எழும்பிய இடம் இரண்டு நாள் காய்ந்த பின்பே அரத்தாள் படவேண்டும்.

மரம் பெயர்ந்து குறைந்த இடத்தை நிரப்பவே வேண்டும். மென்மையான மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்பது வழக்கம். அடைக்கும்போது வழியும் பசையை உடனே துடையுங்கள். அது காய்ந்த இடத்தில் மரம் பூச்சைக் குடிக்காமல் வெளிறித் தெரியும். பசை சுருங்குவதால் சற்று மேடாகவே அடைத்து, மறுநாள் மட்டமாக்க வேண்டும்.

கொப்புளந்தான் மக்களை மிகவும் பயமுறுத்துவது. மேல் ஏடு பசை விட்டு எழும்பியிருக்கும். விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். இதை வெட்டி எடுத்துவிட்டு அடைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டாம். சவர அலகால் ரேகை வழியே ஒரே கீறு கீறி, அந்த வாயால் பழைய தபாலட்டையின் நுனியில் பசையை எடுத்து உள்ளே இருபுறமும் தடவுங்கள். அமுக்கி வழிவதைத் துடைத்து, மேலே பொலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் மண் நிரப்பிய சிறு சாக்கை வைத்து ஓர் இரவு விடுங்கள். கல்லைவிட மண்மூட்டை நல்லது. அது இடத்துக்கேற்பப் படிந்து எல்லா இடமும் ஒருசீராக அமுக்கும். பொலித்தீன் வைக்க மறந்தால் மறுநாள் சாக்கையும் சேர்த்தே உரிக்க வேண்டிவரும்.

நாம் கெடுத்த பலகை

தொடக்கத்தில் ஒரு குடியிருப்பில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பலகை முழுவதும் கறுத்துக் கிடந்தது. நாம் இளைஞரிடம் அரத்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, “தேய்த்து வையுங்கள், வருகிறோம்” என்று சொல்லிவிட்டு வேறு அலுவலாகச் சென்றோம். அந்தக் கட்டில் முரட்டுத் தாளும் இருந்தது. அதை நாம் பார்க்கவில்லை. அவர்கள் உற்சாகமாக முறை வைத்து, பின்னேரம் முழுவதும் தேய்த்தார்கள். மாலையில் நாம் திரும்பியபோது பலகை வெள்ளையாக ஒளிர்ந்தது. எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. ஓடாவியார் மட்டும் குனிந்து, உள்ளங்கையால் நடுவைத் தடவிவிட்டுச் சொன்னார்: “தம்பிமார், தேய்க்கிறது சுகம். தேய்ச்சதைத் திருப்பி ஒட்ட ஏலாது.”

நடுவட்டத்தைச் சுற்றி மேல் ஏடு முழுவதும் போய், குறுக்கே ஓடும் இரண்டாம் ஏடு வெளிப்பட்டிருந்தது. கோடுகள் ஒன்றுகூட எஞ்சவில்லை. காய் ஒரு ரேகையில் ஓடி மற்ற ரேகையில் ஏறும்போது வேகம் குறைந்து திசை மாறியது. கறுப்பு மட்டும் இருந்த பலகைக்கு இப்போது உண்மையான பழுது வந்துவிட்டது. இளைஞர் மீது குற்றமில்லை. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஏடு ஒன்றே கையிருப்பு என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவில்லை.

அதைத் திருத்த முடிந்தது, ஆனால் பெரும் பாடுபட்டே. பக்கச் சட்டங்களைக் கழற்றி, 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைத் தகடு ஒன்றை முழுப் பரப்பிலும் ஒட்டி, மண்மூட்டைகள் வைத்து இரண்டு நாள் அமுக்கி, குழிகளை மறுபடி அறுத்துச் சட்டங்களைப் பூட்டினோம். சட்டத்தின் உயரம் 3 மில்லிமீற்றர் குறைந்தது. அது விளையாட்டைப் பாதிக்கவில்லை. தகட்டுக்கும் பசைக்கும் ஆன காசில், ஒழுங்காகச் செய்திருந்தால் மூன்று பலகைகளைத் திருத்தியிருக்கலாம்.

அதன் பின் எமக்கு ஒரு வழக்கம் வந்தது. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். காயின் ஓட்டத்தைத் தடுக்காத கறையை நாம் தொடுவதில்லை. பலகை புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையே பலகைக்கு முதல் எதிரி.

கோடுகள்

அரத்தாளைக் கையில் எடுக்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எண்ணெய்க் கடுதாசியைப் பலகைமீது விரித்து, எஞ்சியிருக்கும் கோடுகள், வட்டங்கள், மூலை அம்புகள் அனைத்தையும் பென்சிலால் படியெடுத்து வையுங்கள். கரம் பலகையின் நான்கு பக்கமும் ஒரே அளவானவை. மூன்று பக்கம் அழிந்து ஒரு பக்கம் எஞ்சினாலும் முழுவதையும் மீட்டுவிடலாம்.

ஒன்றுமே எஞ்சாவிட்டால், 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் அளவுகள் உதவும். ஆடுகளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 சென்ரிமீற்றர் உள்ள சதுரம். அடிகாய் வைக்கும் இரட்டைக் கோட்டின் நீளம் 47 சென்ரிமீற்றர். இரு கோடுகளுக்கும் இடையே 3.18 சென்ரிமீற்றர், அதுவே ஒரு காயின் உச்ச விட்டமும், நடுச் சிறுவட்டத்தின் விட்டமும் ஆகும். சட்டத்துக்குக் கிட்டிய தடித்த கோடு சட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். நடுப் பெருவட்டம் 17 சென்ரிமீற்றர் விட்டமுடையது. மூலை அம்பு குழியைத் தொடாமல் 5 சென்ரிமீற்றர் முன்னே நிற்கும். எமது ஊர்ப் பலகைகள் பல இதைவிடச் சிறியவை. அவற்றில் இந்த அளவுகளை அப்படியே போட்டால் ஆடுகளம் நெருங்கிவிடும். பக்க நீளத்துக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மரத்தில் மையால் கோடு போட்டால் மை ரேகை வழியே கசியும். எனவே முதலில் மெல்லிய பூச்சு ஒன்று பூசிக் காயவிட்டு, அதன்மேல் அடிமட்டமும் கவராயமும் கொண்டு கறுப்பு இந்தியன் இங்க் மையால் வரைந்து, அது நன்றாகக் காய்ந்தபின் மேற்பூச்சுப் பூசுங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் நிறப் பேனாவால் போட்ட கோடு தின்னர் பட்டவுடன் ஊதா நிறமாகப் பரவும். இதையும் நாம் ஒருமுறை பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பூச்சு

பூசும் நாளைத் தெரிவது பூசும் கையைவிட முக்கியம். மாரியில் பூசினால், காற்றிலுள்ள ஈரம் காயும் லேக்கரிலும் அரக்கிலும் படிந்து பூச்சுப் பால்போல் வெளுக்கும். சோளகம் வீசத் தொடங்கினால் புழுதி வந்து ஒட்டும். வடக்கில் மாசியும் பங்குனியும் இந்த வேலைக்கு வாய்த்த மாதங்கள். காலை வெயில் ஏறிய பின் தொடங்கலாம்.

எமக்கு எளிதாக வாய்த்தது அரக்குப் பொலிஷ். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவிட்டு, சீலையால் வடித்து, பஞ்சுப் பொட்டலத்தில் தோய்த்து ரேகை வழியே மெல்லியதாகத் தடவ வேண்டும். அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐந்தாறு மெல்லிய தடவல்கள் தேவை. இரண்டு தடவலுக்கு ஒருமுறை 400 தாளால் இலேசாக உராய்ந்து துடையுங்கள். இதன் நன்மை, பிறகு ஓரிடம் தேய்ந்தால் அவ்விடத்துக்கு மட்டும் மீண்டும் தடவலாம். பழையதும் புதியதும் ஒன்றாகக் கலந்துவிடும். தீமை, தேநீர்க் கோப்பையின் அடியும் அதில் வெள்ளை வட்டம் போடும். எண்ணெய் வார்னிஷ் நீரைத் தாங்கும்; ஆனால் உள்ளே இறுக வாரக்கணக்காகும். மேலே காய்ந்துவிட்டதென்று மூன்றாம் நாள் பவுடரைத் தூவினால் பவுடர் பூச்சுக்குள் புதைந்து, அரத்தாள் போலாகிவிடும்.

எதைப் பூசினாலும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சுக் கொடுங்கள். அழகு தேவையில்லை, மிஞ்சிய பூச்சே போதும். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன வேலை முழுவதும் அடுத்த மாரியுடன் போய்விடும்.

ஸ்பிரிட்டும் தின்னரும் நெருப்பைத் தேடிப்போய்ப் பிடிப்பவை. குப்பி விளக்கோ அடுப்போ உள்ள கொட்டிலில் இந்த வேலை வேண்டாம். வெளியே, மர நிழலில் செய்யுங்கள். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் தாமாகவே சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள். மிஞ்சிய ஸ்பிரிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும்.

பவுடர்

மேற்பரப்பைத் திருத்திய பின் அதைக் கெடுப்பதும் காப்பதும் பவுடரே. போரிக் பவுடரின் துணிக்கைகள் ஏடு ஏடாக அடுக்கிய அமைப்புடையவை; ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் காய் ஓடுகிறது. முகப்பவுடர், கோதுமை மா, சுண்ணாம்புத்தூள் என்று கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். முகப்பவுடரிலுள்ள வாசனைப் பொருள் பூச்சில் படிந்து பிசுக்காகும். மா மாரி ஈரத்தில் பசையாகி, எறும்பையும் கரப்பானையும் அழைக்கும். சுண்ணாம்பு கீறும். மெழுகு பூசுவோரும் உண்டு. ஒருநாள் பறக்கும், மறுநாள் பவுடரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

போரிக் பவுடரைச் சிறிதே போட வேண்டும். பனி விழுந்ததுபோல் வெண்மை தெரிந்தால் கூடிவிட்டது. விளையாடி முடிந்ததும் துடைத்து எடுங்கள். அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்பதைத் தாய்மார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். புண்ணை ஆற்றும் மருந்தென்று முற்காலத்தில் குழந்தைகளின் தோற்புண்ணில் போட்டு உயிராபத்து நேர்ந்ததை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒரே அறையில் சமைத்து, உறங்கி, விளையாடும் வீடுகளில் அந்த ரின்னை மூடி உயரத்தில் வையுங்கள். விளையாடிய கையைக் கழுவிய பின்பே உணவைத் தொட வேண்டும்.

வைக்கும் இடமும் அப்படியே. நிலத்தில் சாத்தாமல், உட்சுவரில் இரண்டு ஆணியடித்து, சுவருக்கும் பலகைக்கும் இடையே ஒரு விரல் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். படங்குக் கூரையின் கீழ் சுவரே இல்லாதபோது வளையில் நான்கு கயிறு கட்டித் தொட்டில்போலத் தூக்கிவிட்ட ஒரு குடும்பத்தைக் கண்டோம். அந்தப் பலகையில் வளைவு ஒன்றும் இருக்கவில்லை.

வேலை சரியா என்று சோதிக்கவும் விதியில் ஓர் அளவு உண்டு. 15 கிராம் நிறையுள்ள அடிகாயை முழுப் பலத்துடன் நேரே சுண்டினால், அது எதிர்ச் சட்டத்துக்கும் இச்சட்டத்துக்குமாக மூன்றரை முறை ஓட வேண்டும். நாம் திருத்தியவற்றில் இரண்டு பலகைகள் அதை எட்டின. மற்றவை இரண்டரை, மூன்று என்று நின்றன. விளையாடுவோர் அதற்குக் குறை சொல்லவில்லை. இளைஞர் தேய்த்துக் கெடுத்து, நாம் புதுத்தகடு ஒட்டிய பலகை மூன்று முறை ஓடுகிறது. ஆயினும் அதன் ஒரு மூலையில், பசை சற்றுத் தடித்துப்போன இடத்தில், காய் குழியை அண்டும்போது ஒரு நெல்மணி அளவு இடப்பக்கம் விலகும். அவ்வூர்ப் பிள்ளைகள் அந்த விலகலைக் கணக்கிட்டே அடிக்கப் பழகிவிட்டார்கள். அயலூரிலிருந்து போட்டிக்கு வருகிறவர்கள்தான் அந்த மூலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.